நிலத்தடிக் குழாய்க் காற்று: டெல்லி வீட்டுக்குச் சரிப்படுமா?

மல்லிகா_நஜஃப்கர்

நஜஃப்கர் பக்கம் 400 கஜ மனையில் வீடு கட்டப் போகிறோம். அஸ்திவாரம் இன்னும் தோண்டவில்லை. மனை 12 மீட்டர் அகலம், 28 மீட்டர் நீளம். முன்பக்கம் 18 மீட்டருக்கு வீடு, பின்னால் 12க்கு 10 மீட்டர் காலி இடம். அதில் தோட்டம் போடலாம் என்று எண்ணம். இரண்டு பக்கமும் வீடுகள் இருக்கின்றன, பின்னால் சந்து.

மண்ணுக்கு அடியில் குழாய் புதைத்து, வெளிக்காற்றை அதன் வழியே இழுத்து வீட்டுக்குள் விட்டால் மே மாதத்தில் குளிர்ச்சியாகவும் ஜனவரியில் இளஞ்சூடாகவும் இருக்கும் என்கிறார்கள். ஏசியே வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் ஐந்து பேர். எவ்வளவு ஆழம், எந்தக் குழாய், எத்தனை மீட்டர்? உள்ளே பூஞ்சை பிடிக்குமா? நவம்பர் புகைமூட்டத்துக்கு ஏதாவது பலன் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொறி_சிவா

மல்லிகா மேடம், அஸ்திவாரத்துக்கு முன்பே கேட்டது நல்லது. வீடு எழும்பிய பிறகு இதைச் செய்வது ஏறக்குறைய முடியாது.

முதலில் மண்ணின் சூடு. டெல்லியில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 25 டிகிரியை ஒட்டி வரும். ஜூன் மாதச் சராசரி 34, ஜனவரிச் சராசரி 14. மேலே இருக்கும் இந்த ஏற்ற இறக்கம் கீழே போகப்போகக் குறையும், தாமதமாகவும் வந்து சேரும். சாதாரண ஈரமுள்ள வண்டல் மண்ணில் 1.5 மீட்டர் ஆழத்தில் சராசரிக்கு மேலும் கீழும் 5 டிகிரிக்குச் சற்று அதிகமாக ஆடும். 2.5 மீட்டரில் அது மூன்றரை டிகிரி, 3 மீட்டரில் மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு, 4 மீட்டரில் இரண்டு. ஆக 3 மீட்டரைத் தாண்டி ஒவ்வொரு அடி தோண்டும்போதும் கிடைப்பது கொஞ்சம்தான்.

தாமதம்தான் நமக்கு உண்மையான லாபம். 2.5 மீட்டர் ஆழத்து மண், மேலே வெயில் உச்சம் தொட்டு சுமார் இரண்டு மாதம் கழித்துத்தான் தன் உச்சத்துக்கு வரும். அதனால் மே கடைசியில் அங்கே 26 டிகிரிதான் இருக்கும். அதே மண் ஆகஸ்டில் 28, 29 ஆகிவிடும். மேல்தரை வெயிலில் காயும் கட்டாந்தரையாக இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் ஓரிரு டிகிரி ஏறும். மேலே புல் வளர்த்துத் தண்ணீர் விடுங்கள். நிழலும் ஈரமும் சேர்ந்தால் மண் குளிர்ந்திருக்கும், ஈர மண் வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும்.

இப்போது காற்று. 200 மி.மீ. குழாய், 25 மீட்டர் நீளம், மணிக்கு 250 கன மீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றுக்கும் மண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறையும். வெளியே 42, மண் 26 என்றால் வித்தியாசம் 16. அதில் பத்துப் பதினொரு டிகிரி இறங்கி, வீட்டுக்குள் வரும் காற்று 31 டிகிரி. ஜனவரி விடியலில் வெளியே 6, மண் 23 என்றால் உள்ளே வருவது 17 டிகிரிக்கு மேல்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 42 டிகிரி காற்று 31 ஆனதைக் கணக்குப் போட்டுப் பார்த்து, "11 டிகிரி குளிர்ச்சி, இத்தனை டன் ஏசிக்குச் சமம்" என்று விற்கிறார்கள். அறையைக் குளிர்விக்கும் கணக்கு அதுவல்ல. அறை எந்தச் சூட்டில் இருக்கிறதோ, அதற்கும் உள்ளே வரும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி மாற்ற 0.34 வாட்-மணி. அறை 33 டிகிரியில் இருக்க, 31 டிகிரிக் காற்று மணிக்கு 250 கன மீட்டர் வந்தால் 250 × 0.34 × 2 = 170 வாட். ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பமோ 3500 வாட். அறையை 27 டிகிரியில் வைக்க நினைத்தால் இந்தக் காற்று அறையைச் சூடாக்கவே செய்யும்.

அதனால் இதை ஏசிக்கு மாற்றாக நினைக்காதீர்கள், புதுக்காற்று வரும் வழியாக நினையுங்கள். கதவு ஜன்னலைச் சாத்தி ஏசி ஓடும் வீட்டிலும் ஐந்து பேருக்கு மணிக்கு 150 கன மீட்டர் புதுக்காற்று வேண்டும், ஆளுக்கு 30 வீதம். அதை 42 டிகிரியில் நேராக உள்ளே விடுவதற்குப் பதில் 30, 31 டிகிரியில் விட்டால் ஏசியின் தலையிலிருந்து சுமார் 600 வாட் வெப்பச் சுமை இறங்கும். மின்சாரத்தில் 200 வாட் மிச்சம் என்று வையுங்கள். இதற்கு ஒரே ஒரு குழாய் போதும்.

வெறும் குளிர்ச்சிக்காக மட்டும் என்றால், மே மாத வறண்ட காற்றில், ஈரத் தட்டி வழியே காற்றை இழுக்கும் ஒரு நல்ல கூலர் இதை எளிதாக முந்திவிடும். 42 டிகிரி வறண்ட காற்றைக் கூலர் 27 வரை இறக்கும், அதுவும் மணிக்கு இரண்டாயிரம் கன மீட்டருக்கு மேல். குழாய்க் காற்றை ஈரத் தட்டி வழியே விட்டால் 22, 23 கூடக் கிடைக்கும். ஆனால் காற்றின் அளவு குறைவு என்பதால் மொத்தக் குளிர்ச்சியில் கூலரை எட்டாது.

அடிமண்

சிவா சார் கணக்கோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நான் பள்ளம் தோண்டுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், உயிர் போகும் இடம் அதுதான்.

நஜஃப்கர் பக்கம் மணல் கலந்த வண்டல். செங்குத்தாக வெட்டினால் காலையில் நிற்கும், மாலையில் சரியும். ஒன்றரை மீட்டருக்கு மேல் போனால் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும், இல்லையென்றால் பலகை அடித்துக் குறுக்கே முட்டுக் கொடுக்க வேண்டும். இதில் "பார்த்துக்கலாம்" என்பதே கூடாது. மார்பளவு மண் சரிந்தாலே ஆளை மூச்சுவிட விடாது.

உங்கள் பின்பக்கம் 12க்கு 10 மீட்டர். 3 மீட்டர் ஆழத்துக்கு ஒன்றுக்கு ஒன்று சரிவில் தோண்டினால் ஒவ்வொரு பக்கமும் 3 மீட்டர் சரிவுக்கே போய்விடும். சுற்றிலும் 1 மீட்டர் விட்டுவைத்தால் அடித்தளத்தில் மிஞ்சுவது 4க்கு 2 மீட்டர். அதில் குழாயை எங்கே போடுவது? அதனால் திறந்த குழி உங்கள் மனைக்கு ஆகாது. 80 செ.மீ. அகலத்தில் ஒடுக்கமான பள்ளம், பலகையும் முட்டும் கொடுத்து, ஒவ்வொன்றாகத் தோண்டி, குழாய் போட்டு, மூடிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். பள்ளத்துக்குப் பள்ளம் 2 மீட்டர் இடைவெளி விடுங்கள், மூடிய மண் அடுத்த பள்ளத்துக்குள் சரியாமல் இருக்கும். ஒரு குழாயின் சூடு அடுத்ததைத் தொடாமல் இருக்கவும் இந்த இடைவெளி உதவும்.

ஆழம் 2.5 மீட்டர் போதும். இரண்டு பள்ளம், ஒவ்வொன்றும் 9 மீட்டர், கோடியில் இரண்டையும் சேர்த்து ஒரு வளைவு. காற்று எடுக்கும் இடத்திலிருந்து வரும் துண்டும் வீட்டுக்குள் போகும் துண்டும் சேர்ந்தால் 25 மீட்டர் வந்துவிடும்.

பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி ஒருபோதும் தோண்டாதீர்கள். அவர்கள் அஸ்திவாரம் ஒன்றரை மீட்டரில் நின்றிருந்தால், அதன் அடிவிளிம்பிலிருந்து 45 டிகிரியில் சாய்வாக ஒரு கோடு இழுங்கள். உங்கள் பள்ளம் அந்தக் கோட்டுக்குள் நுழையக் கூடாது. பாதுகாப்புக்கு இரு பக்கத்து வீடுகளின் எல்லைச் சுவரிலிருந்தும் 3 மீட்டர் தள்ளியே இருங்கள். உங்கள் வீட்டு அஸ்திவாரத்துக்கும் இதே விதிதான். முதலில் தோட்டப் பள்ளம், குழாய், மண் மூடல். பிறகு அஸ்திவாரம்.

தோண்டுவதற்கு முன் ஒரு துளை போட்டு நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், முடிந்தால் மழைக்காலம் முடிந்த கையோடு. யமுனைக்கரைப் பக்கம், மயூர் விஹார் போன்ற தாழ்ந்த இடங்களில், 3 மீட்டர் தோண்டுவதற்குள் தண்ணீர் காட்டிவிடலாம். நீர் மட்டம் குழாயைத் தொடும் என்றால் இந்தத் திட்டத்தை விட்டுவிடுங்கள். தெற்கு டெல்லி மேட்டுப் பகுதியிலோ பாறை. அங்கே உடைக்கும் செலவிலேயே ஏசி வாங்கிவிடலாம்.

மூடும்போது ஜல்லி, செங்கல் உடைசல், கட்டட இடிபாடு எதையும் குழாயைச் சுற்றிப் போடாதீர்கள். இடையில் காற்றுப் பை விழுந்தால் வெப்பம் கடத்தாது. சலித்த மண்ணை 15 செ.மீ. அடுக்கு அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்க வேண்டும். குழாய்க்கு மேல் முதல் 30 செ.மீ. கையால் மட்டும், இயந்திரம் வேண்டாம்.

மல்லிகா_நஜஃப்கர்

இருவருக்கும் நன்றி. ஏசியை விடுவதில்லை, ஒரே குழாய், புதுக்காற்றுக்கு மட்டும் என்று முடிவு செய்துவிட்டோம். பிளம்பர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்தான் குளிர்ச்சி தரும் என்கிறார். வேறொருவர் நெளிவு நெளிவாக இருக்கும் கேபிள் குழாய் மலிவு என்கிறார். எதைப் போடுவது? உள்ளே சேரும் தண்ணீர் எங்கே போகும்?

வாட்டம்

மேடம், இரண்டுமே வேண்டாம்.

ஜிஐ மண்ணில் துருப்பிடிக்கும். வெப்பத்தைத் தடுப்பதில் பெரும்பங்கு உள்ளே ஓடும் காற்றுப் படலமும் வெளியே இருக்கும் மண்ணும்தான், குழாய்ச் சுவரின் பங்கு சிறியது. அதனால் உலோகம் போட்டுப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. நெளிவுக் குழாயில் ஒவ்வொரு நெளிவிலும் தண்ணீரும் தூசியும் தேங்கும். பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்கும்.

தரைக்கடியில் சாக்கடைக்குப் போடும் கனமான பிவிசி குழாய், 200 மி.மீ., உள்ளே வழவழப்பானது, ரப்பர் வளையம் வைத்த இணைப்பு. 6 மீட்டர் நீளத்தில் வரும். உங்களுக்கு ஐந்து நீளம் வாங்கினால் வெட்டுச் சேதாரத்துக்கும் கொஞ்சம் மிஞ்சும். 90 டிகிரி வளைவு எங்கும் வேண்டாம், இரண்டு 45 போடுங்கள். காற்றுத் தடை குறைவதோடு பிரஷ் விட்டுக் கழுவவும் வழி இருக்கும்.

வாட்டம் நூறுக்கு இரண்டு. 20 மீட்டருக்கு 40 செ.மீ. இறக்கம். நடுவில் எங்கும் தொய்வு இருக்கக் கூடாது, எனவே பள்ளத்து அடியில் 10 செ.மீ. மணல் மெத்தை போட்டு லெவல் பிடியுங்கள். மிகத் தாழ்ந்த இடத்தில் 315 மி.மீ. குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, அடியை மூடி, காற்றுக் குழாய்க்குக் கீழே அரை மீட்டர் ஆழத்துக்குச் சிறு கிணறு போல விடுங்கள். மேல் மூடி காற்றுப் புகாததாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் குழாய்க்குள் தண்ணீர் சேர்ந்தால் அங்கே வந்து நிற்கும். சிறிய நீர்மூழ்கி மோட்டாரை இறக்கி எடுத்துவிடலாம். இதைச் சாக்கடைச் சேம்பரோடு மட்டும் இணைக்காதீர்கள். யு வளைவில் நிற்கும் தண்ணீர் மே மாதத்தில் வற்றிவிடும், சாக்கடை நாற்றம் நேராகப் படுக்கையறைக்கு வரும். மூடியில் இடுக்கு இருந்தால் கொசு முட்டையிடும். டெங்கு ஊரில் அதைச் சாதாரணமாக விட முடியாது.

புளோயரை, அதாவது காற்றை ஓட்டும் விசிறியை, எங்கே வைப்பது என்பதும் முக்கியம். வீட்டுப் பக்கம் வைத்து இழுத்தால் குழாய் முழுவதும் உறிஞ்சும் நிலையில் இருக்கும். இணைப்பில் ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் மண்ணிலுள்ள வாயு உள்ளே வரும். டெல்லியில் அஸ்திவாரம் போடும்போது கரையான் மருந்து தெளிப்பது வழக்கம். அந்த மருந்தின் ஆவியை வீட்டில் உள்ளவர்கள் சுவாசிக்கக் கூடாது. ஆகவே புளோயர் காற்று எடுக்கும் முனையில் இருக்கட்டும். அங்கிருந்து தள்ளினால் கசிவு வெளியேதான் போகும், மோட்டாரின் சூட்டையும் மண் வாங்கிக்கொள்ளும். கரையான் மருந்து அடிப்பவரிடம் குழாயின் இரு பக்கமும் 1 மீட்டர் விடச் சொல்லுங்கள். செப்டிக் டேங்க், உறிஞ்சுகுழி இருந்தால் குழாயை முடிந்தவரை தள்ளியே போடுங்கள்.

காற்று எடுக்கும் வாய் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில், வடக்கு நோக்கி, நிழலில். ஜெனரேட்டர் புகை, சமையலறைப் புகைபோக்கி, கார் நிற்கும் இடம் பக்கத்தில் இருக்கக் கூடாது. உங்கள் மனையில் பின் சந்தில் வண்டி போகும் என்றால் வாயை வீட்டுப் பக்கம் திருப்புங்கள். மழை நுழையாத மூடியும், எலி, பல்லி போகாதபடி 2 மி.மீ. கண் உள்ள எவர்சில்வர் வலையும் வேண்டும்.

வலைக்குப் பின்னால் ஃபில்டர். முதலில் பெரிய தூசிக்கு ஜி4 ரகம், அதன்பின் நுண்தூசிக்கு எஃப்7 ரகம். மண்ணுக்குள் போகும் முன்பே தூசியைப் பிடித்தால்தான் குழாய் சுத்தமாக இருக்கும். குழாயில் இழக்கும் அழுத்தம் 25 பாஸ்கல்கூட வராது. அழுக்கான ஃபில்டர் மட்டும் 100 பாஸ்கலைத் தாண்டும். எனவே புளோயர் வாங்கும்போது 250 பாஸ்கலில் மணிக்கு 200 கன மீட்டர் தருமா என்று பாருங்கள். தடையே இல்லாமல் எவ்வளவு தள்ளும் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

பொறி_சிவா

புகைமூட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டெல்லிக்காரர்களுக்கு இதில் கிடைக்கும் பெரிய பலன் அதுதான் என்பது என் கருத்து. மண்ணும் குழாயும் காற்றை வடிகட்டாது, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் ஒரே வழியாகக் காற்று வருகிறது என்றால் அந்த ஒரு வழியில் நல்ல ஃபில்டர் வைக்கலாம். எஃப்7 நுண்துகளில் பாதிக்கு மேல் பிடிக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை வீட்டுக்குள் வரும் முனையில் மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் எச்13 ஹெபா ஃபில்டர் ஒன்றும் சேருங்கள். தள்ளிவிடும் காற்றால் வீட்டுக்குள் அழுத்தம் சற்றே கூடும், ஜன்னல் இடுக்குகள் வழியே புகை உள்ளே வருவதற்குப் பதில் உள்காற்று வெளியே கசியும். வெறும் ஏர் பியூரிஃபையர் இதைச் செய்யாது. சாத்திய அறையில் நாம் விடும் கரியமில வாயுவையும் அது குறைக்காது. ஹெபாவின் தடை அதிகம், புளோயரை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.

மாதுங்கா_குமார்

மும்பையில் பழைய பங்களா ஒன்றின் தோட்டத்தில் இதைச் செய்யலாமா? இடம் தாராளமாக இருக்கிறது.

அடிமண்

குமார் சார், வேண்டாம். மும்பையில் ஆண்டுச் சராசரியே 27, 28 டிகிரி, மண்ணும் அதேதான். மே மாதம் வெளியே 34 என்றால் மூன்று நான்கு டிகிரி இறங்கும். உங்களுக்கு வேதனை தருவது சூட்டைவிடக் காற்றிலுள்ள ஈரம், அது அப்படியே உள்ளே வரும். மழைக்காலம் முழுவதும் குழாய் நனைந்தே கிடக்கும். பெங்களூரிலும் அவசியமில்லை. ஏப்ரலில்கூட இரவுக் காற்று 22 டிகிரியை ஒட்டி இருக்கிறது, ராத்திரி ஜன்னலைத் திறந்தால் மண்ணைவிடக் குளிர்ந்த காற்று செலவில்லாமல் வரும். கோடைக்கும் குளிருக்கும் இருபது டிகிரி வித்தியாசம் உள்ள டெல்லி, ராஜஸ்தான் போன்ற இடங்களில்தான் இதற்கு வேலை.

பெரிய இடமும் திறந்த மைதானமும் இருந்தால் கணக்கே வேறு. குருகிராமை ஒட்டிய குவால் பஹாடியில் டெரி (TERI) என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனத்தின் பயிற்சி வளாகம் இருக்கிறது. அங்கே 4 மீட்டர் ஆழத்தில், 70 செ.மீ. விட்டமும் 70 மீட்டர் நீளமும் உள்ள நான்கு சுரங்கக் குழாய்கள் தங்கும் அறைகளுக்குக் காற்று தருகின்றன. அறைக் காற்றை வெளியேற்ற வெயிலில் சூடாகும் புகைபோக்கிகள். அங்கேயும் மழைக்கால ஈரத்துக்குத் தனியாகக் குளிர்விக்கும் இயந்திரம் வைக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம், விடுதி கட்டுபவர்கள் போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

மல்லிகா_நஜஃப்கர்

அப்படியென்றால் ஜூலை, ஆகஸ்டில் நாங்கள் என்ன செய்வது? அணைத்துவிடலாமா?

வாட்டம்

முழுக்க அணைக்காதீர்கள். பூஞ்சை வருவது பெரும்பாலும் ஈரமான குழாய் ஓடாமல் கிடக்கும்போதுதான். அந்த மாதங்களில் குழாயிலிருந்து வரும் காற்று 28, 29 டிகிரியில் 90 சதவீத ஈரத்தோடு இருக்கும், நேராக அறையில் விட்டால் பிசுபிசுக்கும். ஏசி காற்றை உறிஞ்சும் பக்கத்தில் விடுங்கள், ஏசி அதன் ஈரத்தை எடுத்துவிடும். ஏசி ஓடாத நேரத்தில் குழாய்க் காற்றை வெளியே திருப்பிவிட்டு, நாளைக்கு ஓரிரு மணி நேரம் ஓட்டினால் போதும். செப்டம்பர் கடைசியில் மழை விட்டதும் வறண்ட பகல் காற்றை ஒரு வாரம் விடாமல் ஓட்டிக் குழாயைக் காய வையுங்கள். ஏப்ரல், மே வறட்சியும் குழாயை எலும்பாகக் காய வைத்துவிடும், டெல்லிக் காற்று நமக்குச் செய்யும் உபகாரம் அது.

மார்ச்சிலும் அக்டோபரிலும் இரவில் வெளிக்காற்றே 18, 20 டிகிரி. அதைக் குழாய் வழியாக அனுப்பினால் சூடாகி வரும். அதற்காக ஃபில்டருக்கும் புளோயருக்கும் அடுத்து ஒரு டேம்பர் (காற்றின் வழியை மாற்றும் தகடு) வைத்து, குழாயைத் தொடாமல் நேரே வீட்டுக்குப் போகும் கிளை ஒன்று விடுங்கள். வெளியே 32க்கு மேலோ 16க்குக் கீழோ போனால் மண்வழி, இடையில் நேர்வழி. ஒரு தெர்மோஸ்டாட்டும் டேம்பர் மோட்டாரும் இதைப் பார்த்துக்கொள்ளும். கோடையில் காலை 10 முதல் மாலை 7 வரை ஓட்டி இரவில் நேர்வழிக்கு மாற்றினால் குழாயைச் சுற்றிய மண்ணும் சூடு ஆறும். இரவும் பகலும் விடாமல் ஓட்டினால் சில நாளிலேயே வெளிவரும் காற்றின் சூடு ஏறுவதைப் பார்ப்பீர்கள். ஜனவரியில் நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு இரவும் மண்ணை மே மாதத்துக்காகக் குளிர வைக்கிறது, அதனால் குளிர்காலத்தில் தயங்காமல் ஓட்டுங்கள்.

மண் மூடும் முன் இரண்டு சோதனை, இரண்டையும் நீங்களே நின்று பாருங்கள். வாய்களை அடைத்துக் குழாயில் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் மட்டம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது ஒன்று. அந்தத் தண்ணீரைக் கிணற்றுக்குழாய் வழியே எடுத்த பிறகு, டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே எங்கும் குட்டை நிற்கக் கூடாது. நின்றால் அந்த இடத்தில் வாட்டம் தப்பு, மணலைச் சரிசெய்து மறுபடி போடச் சொல்லுங்கள். அடுத்து, மறுமுனையை மூடிவிட்டு, புளோயர் வாயில் சாம்பிராணிப் புகை போட்டு ஓட்டுங்கள். எந்த இணைப்பில் புகை வருகிறதோ அதன் ரப்பர் வளையம் மடங்கியிருக்கும், கழற்றிப் போடச் சொல்லுங்கள். மூடுவதற்கு முன் குழாய் போகும் வழியை எல்லைச் சுவரிலிருந்து அளந்து, ஆழத்தோடு படமாக வரைந்து, போட்டோவும் எடுத்து வைத்துவிடுங்கள். நாளைக்கு அந்தத் தோட்டத்தில் போர்வெல் போட வருபவருக்கு அது தேவைப்படும்.